வடசென்னை என்றாலே அரிவாளா?

கேமராவைக் கையில் எடுக்கும் நம் பிள்ளைகளோடு ஒரு பேச்சு

வடசென்னையைப் பற்றி ஒரு பாட்டு வீடியோ வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்க்காமலேயே அதில் என்னென்ன இருக்கும் என்று நாம் சொல்லிவிடலாம். முதலில் காசிமேட்டுப் படகுகள். அடுத்து, குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளின் தலைக்கு மேல் பறந்துபோகும் ட்ரோன் ஷாட். பிறகு சந்து முனையில் பத்துப் பதினைந்து இளைஞர்கள். நடுவில் ஒருவர் ஸ்லோமோஷனில் நடந்து வருவார். ஒரு கேரம் போர்டு இருக்கும். ஒரு புல்லட் உறுமும். சட்டி மேளம் அதிரும். மூன்றாவது நிமிடத்துக்குள் அரிவாளோ பட்டாக்கத்தியோ வெளியே வந்துவிடும்.

கோடிகளைக் கொட்டி எடுக்கும் சினிமா இப்படிக் காட்டினால் நமக்கு ஆச்சரியமில்லை. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பிறந்து வளர்ந்த கல்லூரி மாணவர்கள் செல்போனில் எடுக்கும் குறும்படமும் பல நேரம் இப்படியே இருப்பதுதான் நம்மை யோசிக்க வைக்கிறது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார், அம்மா மீன் விற்கிறார், பிள்ளை கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்கிறது. அந்தப் பிள்ளை எடுக்கும் முதல் படத்தில் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அரிவாள் இருக்கிறது. அந்த அரிவாள் எங்கிருந்து வந்தது?

மரபு என்பது ஓர் ஏற்பாடு

கதைகளுக்கும் பாட்டுகளுக்கும் வகை உண்டு. வகைக்கென்று வழக்கங்கள் உண்டு. பேய்ப் படம் என்றால் கதவு கிறீச்சிட வேண்டும். தெருக்கூத்து என்றால் கட்டியக்காரன் முதலில் வர வேண்டும். ராஜா வேடம் திரைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டுத்தான் சபைக்கு வரும். கூத்துப் பார்த்து வளர்ந்த ஊர்ப்புறத்து வாசகர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இதைத்தான் படிப்பாளிகள் வகைமை மரபு என்கிறார்கள். பார்ப்பவருக்கும் படைப்பவருக்கும் இடையே சொல்லாமல் செய்துகொண்ட ஓர் ஏற்பாடு அது.

ஏற்பாடு இருப்பதில் தவறில்லை. மூன்று நிமிட வீடியோவில் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. தெரிந்த ஒரு அடையாளத்தைக் காட்டினால் பார்ப்பவர் சட்டென்று உள்ளே வந்துவிடுவார். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. திருவிழாவில் யார் தேர்வடம் பிடிக்கலாம், பறை அடிப்பவர் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று ஊரில் ஓர் ஏற்பாடு இருக்கிறதல்லவா? அதைப் போலவே, யார் நாயகன், யார் அடியாள், யார் அழகி, யார் வேலைக்காரி என்று திரையிலும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதை எழுதியபோது நம்மை யாரும் கேட்கவில்லை.

அதை மீறியவர்கள் பட்ட பாடும் வரலாற்றில் இருக்கிறது. மலையாளத்தின் முதல் படமான ஜே.சி. டேனியலின் 'விகதகுமாரன்' மௌனப் படத்தில் நாயகியாக நடித்தவர் பி.கே. ரோசி. தலித் பெண்ணான அவர் திரையில் நாயர் பெண்ணாகத் தோன்றினார். அதைப் பொறுக்காத ஆதிக்கச் சாதியினர் அவரைத் துரத்தினார்கள். ஊரை விட்டு ஓடிய ரோசி தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, தான் யாரென்று சொல்லிக்கொள்ளாமலேயே வாழ்ந்து மறைந்தார். இன்று அவர் பெயரில் நீலம் பண்பாட்டு மையம் திரைப்பட விழா நடத்துகிறது. அந்த விழாவில் படம் பார்க்கும் மாணவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, யார் என்ன வேடம் போடலாம் என்ற வழக்கத்துக்குப் பின்னால் இப்படி ஒரு பெண்ணின் வாழ்க்கை போயிருக்கிறது என்பதைத்தான்.

சட்டகத்துக்கு வெளியே நிற்பவர்கள்

வடசென்னை மேல் திரை ஒட்டிய முத்திரைக்கும் விலை இருக்கிறது. வேலைக்கு மனுப் போடும் இளைஞர் தன் தெருவின் பெயரை எழுதத் தயங்குகிறார். இரவுப் பணி முடிந்து திரும்பும்போது முகவரி கேட்டு நிறுத்தப்படுகிறார். நகரத்துக்குள்ளிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்த்தெடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் இதே கதையைச் சொல்கிறார்கள். ஒரு பகுதியில் குற்றமே நடப்பதில்லை என்று நாம் சொல்லவில்லை. குற்றம் நடக்காத தெரு எங்கும் இல்லை. ஆனால் எந்தத் தெருவின் குற்றம் அந்தத் தெருவின் அடையாளமாகவே ஆக்கப்படுகிறது என்பதில்தான் சாதி இருக்கிறது.

இத்தனைக்கும் வடசென்னை உழைப்பின் ஊர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய சிறு பட்டறைதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரிகள் உருவாயின. வீடியோக்களில் நாயகன் ஏறி வரும் அந்த புல்லட் இருக்கிறதே, அதன் தொழிற்சாலை 1950-களில் வந்தது திருவொற்றியூரில்தான். புல்லட்டில் வருபவரை நூறு பாட்டுகளில் பார்த்துவிட்டோம். அதைப் பூட்டிய கைகளை எத்தனை பாட்டில் பார்த்திருக்கிறோம்?

இங்கே தலித் மக்கள் இருக்கிறார்கள், மீனவர்கள் இருக்கிறார்கள், முஸ்லிம்கள் இருக்கிறார்கள், ஆந்திரத்திலிருந்து வேலை தேடி வந்து தலைமுறைகளாய்த் தங்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர் கழிமுகத்தில் இறங்கி இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து அந்தக் கழிமுகத்தையும் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26-ம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவுக்கு ஓடினார்கள். இவை எல்லாம் கதைகள். அரிவாள் கதையைவிடப் பெரிய கதைகள். ஆனால் இவற்றைச் சொல்வதற்கென்று தயாராக ஒரு வார்ப்பு இல்லை. வார்ப்பு இருக்கிற கதையைத்தான் புதிதாக எடுக்க வருபவர் எடுக்கிறார்.

கானா திரும்பி வந்த விதம்

கானாவையே எடுத்துக்கொள்வோம். சாவு வீட்டில் இரவு முழுக்க உடலுக்குத் துணையிருக்கும் உறவினர்கள் தூங்கிவிடாமல் இருக்க, இறந்தவரின் வாழ்க்கையைப் பாட்டாகக் கட்டிப் பாடியதுதான் கானாவின் வேர்களில் ஒன்று. சட்டி, தகரம், டோலக் என்று கைக்குக் கிடைத்ததே வாத்தியம். மரண கானா விஜி என்று ஒரு கலைஞரின் பெயரிலேயே அந்த வகைமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாழ்வு நிலையாமையும், வறுமையும், தாய்ப் பாசமும், நட்பும் அதன் பாடுபொருள்கள்.

1990-களில் இசையமைப்பாளர் தேவா வழியாக கானா சினிமாவுக்குள் பரவியது. 2006-ல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடி, திரையிலும் தோன்றினார். 2012-ல் 'அட்டகத்தி' வந்தபோது கானா பாலாவின் குரல் தமிழ்நாடு முழுக்க ஒலித்தது. அவர் படித்துப் பட்டம் பெற்ற வழக்கறிஞர் என்பது பலருக்குத் தெரியாது.

சினிமாவுக்குள் போன கானாவுக்கு அங்கே ஒரு நிரந்தர இடம் ஒதுக்கப்பட்டது. டாஸ்மாக் மேசை, கையில் டம்ளர், ஏமாற்றிய பெண்ணுக்கு வசவு. இன்று யூடியூப்பில் கானா பாடும் பல சிறுவர்கள் தாத்தா பாடிய கானாவைப் பின்பற்றவில்லை, சினிமா காட்டிய கானாவைத்தான் பின்பற்றுகிறார்கள். நம் தெருவிலிருந்து போன பாட்டு, கையில் டம்ளரோடு நம் தெருவுக்கே திரும்பி வந்திருக்கிறது. பெண்ணைப் பழிப்பதுதான் கானா என்று நம்புகிற ஒரு தலைமுறையை அது உருவாக்கிவிட்டது. அந்தப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டு அதே தெருவில் பள்ளிக்குப் போகும் நம் பெண் பிள்ளைகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த வழக்கத்தைத் திருப்பிப் போட்டவர் ராயபுரத்தில் வளர்ந்த இசைவாணி. ஆண்களின் கோட்டை என்று சொல்லப்பட்ட கானா மேடையில் ஒரு பெண் ஏறி நின்று பாடினார். சட்டி மேளம் அதேதான், தாளம் அதேதான், சென்னைப் பேச்சும் அதேதான். பாடுகிறவர் மாறினார், அதனால் பாடுபொருளும் மாறியது. 2020-ல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. ஒரு வகைமையை மாற்ற எல்லாவற்றையும் உடைக்க வேண்டியதில்லை, ஒன்றை இடம் மாற்றி வைத்தாலே போதும் என்பதற்கு நம் பகுதியிலேயே இருக்கும் நல்ல உதாரணம் இது.

கோட் போட்டு வந்த கானா

2018 ஜனவரி 6-ம் தேதி கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முறையாக மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. கானா பாடகர்கள், ராப் பாடகர்கள், கிட்டார் கலைஞர்கள், பறை, சட்டி, கட்ட மேளக் கலைஞர்கள் என 19 பேர். அவர்களில் ஒரே பெண் இசைவாணி. 'சாதி இல்லாத தமிழர்' என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லிலிருந்து குழுவுக்குப் பெயர் எடுத்தார்கள்.

அந்த மேடையில் அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கோட் சூட் அணிந்து வந்தார்கள். கானா பாடகர் என்றால் லுங்கி, கழுத்தில் கைக்குட்டை என்றுதான் சினிமா நமக்குக் காட்டியிருந்தது. கோட் சூட்டைப் பார்த்ததும் நமக்கு நினைவுக்கு வருபவர் யார் என்று இந்தப் பத்தியின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடஒதுக்கீட்டைப் பற்றிப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பற்றிப் பாடினார்கள். கேட்டவர்கள் ஆடினார்கள். ஆட வைப்பது கானாவின் மரபு. அதை அவர்கள் கைவிடவில்லை. ஆடிக்கொண்டிருப்பவரின் காதில் என்ன விழ வேண்டும் என்பதைத்தான் மாற்றினார்கள்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிராங்க்ஸ் என்ற ஏழைகளின் பகுதியில், கறுப்பின இளைஞர்களும் லத்தீன் அமெரிக்க இளைஞர்களும் 1970-களில் தெரு விருந்துகளில் வளர்த்ததுதான் ஹிப் ஹாப். அங்கேயும் இதே கதைதான். தெருவின் பாட்டு பெரிய நிறுவனங்களின் கைக்குப் போனதும் தங்கச் சங்கிலி, விலையுயர்ந்த கார், துப்பாக்கி என்று ஒரு வார்ப்பு வந்தது. அந்த வார்ப்பைத்தான் உலகம் முழுக்க இளைஞர்கள் நகலெடுத்தார்கள். நம் பிள்ளைகளின் வீடியோவில் வரும் சங்கிலியும் காரும் அங்கிருந்து வந்தவைதான்.

எண்ணூரில் ஒரு கச்சேரி

வகைமையை வேறொரு திசையிலிருந்து திருப்பிய வேலையும் எண்ணூரில்தான் நடந்தது. 2017 ஜனவரியில் 'சென்னை புறம்போக்குப் பாடல்' வெளியானது. சுற்றுச்சூழல் செயல்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமனும் தோழர்களும் முன்னெடுத்த முயற்சி அது. கபேர் வாசுகி எழுதினார், ஆர்.கே. ஸ்ரீராம்குமார் மெட்டமைத்தார், டி.எம். கிருஷ்ணா பாடினார், ரதீந்திரன் பிரசாத் படமாக்கினார்.

கர்நாடக சங்கீதத்துக்கென்று ஓர் இடம் உண்டு, ஒரு மொழி உண்டு, ஒரு கூட்டம் உண்டு. சபா மேடை, தெலுங்கு அல்லது சமஸ்கிருதக் கீர்த்தனை, முன்வரிசையில் பட்டுப் புடவைகள். இந்தப் பாடலில் ஆனந்தபைரவியும் பேகடாவும் சிந்துபைரவியும் இருந்தன. ஆனால் மொழி சென்னைப் பேச்சுத் தமிழ். இடம் எண்ணூர் கழிமுகம். பின்னால் புகைபோக்கிகள்.

புறம்போக்கு என்ற சொல் கிராமத்து வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும். மேய்க்கால் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, நத்தம் புறம்போக்கு என்று வருவாய்ப் பதிவேட்டில் இருக்கும் பொதுநிலம். வரி கட்டாத நிலம் என்பதால் மதிப்பில்லாதது என்றாகி, பிறகு மனிதரைத் திட்டும் வசவாகவும் ஆகிவிட்டது. பட்டா கிடைக்காமல் அந்த நிலத்தில் குடியிருந்தவர்கள் யார், அந்த வசவு யாரைக் குறிவைத்தது என்பதும் நமக்குத் தெரியும். அந்தச் சொல்லைக் கச்சேரிக்குள் கொண்டுவந்ததே பெரிய காரியம்.

பாராட்டிவிட்டு ஒரு கேள்வியையும் கேட்டுவைப்போம். புகழ்பெற்ற ஒரு பாடகர் போய்ப் பாடியதால் எண்ணூரை நகரம் திரும்பிப் பார்த்தது. காட்டுக்குப்பத்துப் பெண் ஒருவர் அதே இடத்தில் நின்று பாடினால் நகரம் பார்க்குமா? பார்க்க வைக்கும் வேலை இப்போது கேமரா வைத்திருக்கும் மாணவர்களிடம் இருக்கிறது.

பாட்டால் எல்லாம் நடந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். 2015-ல் கொடைக்கானல் பாதரசக் கழிவைப் பற்றி சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. 2016-ல் அந்தத் தொழிற்சாலையின் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு நிறுவனத்துடன் தீர்வு ஏற்பட்டது. அதற்குப் பின்னால் தொழிலாளர்களின் பல வருடப் போராட்டம் இருந்தது. வீடியோ அந்தப் போராட்டத்துக்கு ஒலிபெருக்கியாக இருந்தது. ஒலிபெருக்கி முக்கியம்தான். ஆனால் பேசுவதற்கு ஆள் இருந்தால்தான் அதற்கு வேலை.

யார் பெயர், யார் முகம்

2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டை அறியாத வாசகர் இருக்க மாட்டார். அரக்கோணத்தில் பிறந்து வளர்ந்த அறிவு எழுதி, தீயுடன் சேர்ந்து பாடிய பாட்டு. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு அதை எடுத்தார். ஒப்பாரியின் குரல் அதில் கேட்கிறது. ஒப்பாரியைத் துக்க வீட்டில் நம் பெண்கள் பாடுவார்கள். அதைக் கலை என்று யாரும் சொன்னதில்லை. அந்த ஒப்பாரி உலகம் ஆடும் பாட்டுக்குள் போய் உட்கார்ந்தது. நிலமில்லாமல் போனவர்களின் துக்கம் கல்யாண வீடுகளில் ஒலித்தது.

அதே வருடம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ், அறிவு பங்காற்றிய இரண்டு பாடல்களைப் பற்றிய அட்டைப்படத்தை வெளியிட்டது. அட்டையில் மற்ற கலைஞர்களின் முகங்கள் இருந்தன. பாட்டை எழுதிய அறிவின் முகம் இல்லை. பா. ரஞ்சித் உள்ளிட்ட பலர் கேள்வி எழுப்பினார்கள். அதன் பிறகு அறிவை வைத்துத் தனியாக ஓர் அட்டை வந்தது.

இதிலிருந்து மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எளிமையானது. பாட்டில் பாட்டியின் வரி இருந்தால் பாட்டியின் பெயரைப் போடுங்கள். சட்டி அடித்த அண்ணனின் பெயரைப் போடுங்கள். வீட்டைப் படப்பிடிப்புக்குக் கொடுத்த அக்காவின் பெயரைப் போடுங்கள். நம் பெயரை விட்டுவிட்டார்கள் என்று கோபப்படும் நாம், நம் படத்தில் யார் பெயரையும் விடக்கூடாது.

எதிரியின் பாட்டை நகலெடுத்தால்

இனி, கிராமத்து மாணவர்களுக்கு நெருக்கமான ஒரு விஷயம். தென் மாவட்டங்களிலும் டெல்டாவிலும் திருவிழா, குருபூஜை நாட்களில் சுற்றும் சாதிப் பெருமைப் பாட்டுகள் உங்கள் செல்போனுக்கும் வந்திருக்கும். முறுக்கிய மீசை, சீறும் காளை, வரிசையாகக் கார்கள், ஓங்கிய அரிவாள், ஆண்ட பரம்பரை என்ற முழக்கம். இதுவும் ஒரு வகைமைதான். அதைப் பார்த்துக் கொதித்துப்போய் நம் பிள்ளைகளும் பதிலுக்கு ஒரு பாட்டு போடுகிறார்கள். மீசை அதேதான், கார் அதேதான், அரிவாளும் அதேதான். கொடியின் நிறம் மட்டும் வேறு.

கோபம் நியாயமானது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த வகைமையை உருவாக்கியது சாதி. பிறப்பால் நான் உயர்ந்தவன் என்பதுதான் அதன் கரு. அந்த வார்ப்பில் எதை ஊற்றினாலும் அந்த உருவம்தான் வரும். சாதியை ஒழிக்க வந்தவர் சாதிப் பெருமையின் மெட்டில் பாடினால், கேட்பவர் காதில் மெட்டுதான் நிற்கும்.

அரிவாள் திரையோடு நிற்பதில்லை என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை அவரோடு பள்ளியில் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கையில் கட்டும் கயிறே இவ்வளவு செய்யும் என்றால், தினமும் கண்ணில் படும் வீடியோ என்ன செய்யாது?

திருப்பிப் போட்டவர்கள்

வழக்கத்தைத் தெரிந்துகொண்டு திருப்பிப் போட்ட படங்களைப் பாடமாகப் பார்க்கலாம். 2014-ல் வந்த 'மெட்ராஸ்' படத்தில் வடசென்னை இருக்கிறது, கால்பந்து இருக்கிறது, வெட்டுக்குத்தும் இருக்கிறது. ஆனால் படத்தின் மையம் ஒரு சுவர். யார் படம் வரைவது என்று கட்சிகள் அடித்துக்கொள்ளும் அந்தச் சுவருக்காக உயிர்கள் போகின்றன. ரவுடிகள் இயல்பிலேயே அப்படிப்பட்டவர்கள் என்று சொல்லாமல், யாருடைய லாபத்துக்காக நம் பிள்ளைகள் சாகிறார்கள் என்று படம் கேட்டது. 2021-ல் வந்த 'சார்பட்டா பரம்பரை' குத்துச்சண்டைப் படம். தோற்றவன் மீண்டும் எழுந்து ஜெயிப்பது விளையாட்டுப் படங்களின் பழைய வழக்கம். அதை அப்படியே வைத்துக்கொண்டு, 1970-களின் வடசென்னையையும், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒரு தொழிலாளியின் மானத்தையும் அதற்குள் வைத்தார்கள்.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' 2018-ல் வந்தது. கல்லூரி, காதல், அதற்கு வரும் எதிர்ப்பு என்று நமக்குப் பழக்கமான கதைதான். பழக்கப்படி கடைசியில் நாயகன் பத்துப் பேரை அடித்துத் துவைத்திருக்க வேண்டும். இந்தப் படத்தில் நாயகன் பேசுகிறான். படம் இரண்டு தேநீர்க் குவளைகளைக் காட்டி முடிகிறது. டீக்கடையில் தனிக் குவளையில் குடித்த தலைமுறைக்கு அந்தக் காட்சியில் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு சண்டைக் காட்சிக்கு ஆகும் செலவில் நூறில் ஒரு பங்குகூட அதற்கு ஆகியிருக்காது. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கையில் பணமில்லை என்பது தடையே இல்லை.

ஆவணப்படத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஏழையின் முகத்தை நெருக்கத்தில் காட்டுவது, சோகமான வயலின், நிபுணர் பேச்சு. 2017-ல் திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' துப்புரவுத் தொழிலாளர்களையே பேச வைத்தது. அதைத் திரையிடப் பல இடங்களில் அனுமதி மறுக்கப்பட்டது. அதன் ஒளிப்பதிவாளர் பழனிகுமார், மதுரை மாவட்டம் ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்கும் தாயின் மகன். தன் தாயின் உழைப்பையே அவர் படங்களாக எடுத்தார். பின்னர் துப்புரவுத் தொழிலாளர்கள், மீனவர்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படக் கலையைக் கற்றுக்கொடுத்தார்.

மாணவர்களுக்குச் சில யோசனைகள்

படம் எடுக்கப் போகும் முன் ஒரு தாளை எடுத்து, நீங்கள் எடுக்கப் போகும் வகைமையில் வழக்கமாக என்னென்ன வரும் என்று பத்து விஷயங்களை எழுதுங்கள். வடசென்னைப் பாட்டு வீடியோ என்றால் இந்தக் கட்டுரையின் முதல் பத்தியே உங்களுக்குப் பட்டியல். அதில் ஏழு, எட்டை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் பார்ப்பவர் உள்ளே வருவார். எல்லாவற்றையும் மாற்றினால் நண்பர்களே பாதியில் வேறு வீடியோவுக்குப் போய்விடுவார்கள். மீதி இரண்டு மூன்றை மட்டும் மாற்றுங்கள். எதை மாற்றுகிறீர்களோ அதுதான் உங்கள் படம் சொல்லும் செய்தி.

ஓர் உதாரணம். ஸ்லோமோஷன் நடை இருக்கட்டும், சட்டி மேளம் இருக்கட்டும், சுற்றி நிற்கும் கூட்டம் இருக்கட்டும். நடந்து வருபவர் மட்டும் அதிகாலையில் கூடையோடு காசிமேட்டிலிருந்து திரும்பும் உங்கள் அம்மாவாக இருக்கட்டும். நாயகனுக்குக் கொடுக்கும் பில்டப்பை ஒரு குறைவும் இல்லாமல் அவருக்குக் கொடுங்கள். அல்லது, கத்தி எடுப்பது போல் முதுகுக்குப் பின்னால் கை போகட்டும். வெளியே வருவது கோசஸ்தலை ஆற்றிலிருந்து எடுத்த, எண்ணெய் படிந்த வலையாக இருக்கட்டும். அரிவாளை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர் அந்த வலையைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது.

எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். யாருடைய வீட்டையும் முகத்தையும் அவர் சம்மதம் இல்லாமல் காட்டாதீர்கள். சாவு வீட்டில் இது மிக முக்கியம். துறைமுகம், அனல்மின் நிலையம் போன்ற இடங்களில் படம் எடுக்கவும் ட்ரோன் பறக்கவிடவும் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் போய் மாட்டிக்கொண்டால் வழக்கு நம் பிள்ளைகள் மேல்தான் முதலில் பாயும். குழுவில் பெண்கள் இருக்கட்டும். முன்னால் ஆட மட்டும் அழைக்காமல், எழுதவும் கேமரா பிடிக்கவும் எடிட்டிங்கில் உட்காரவும் அழையுங்கள். பெண்ணைத் திட்டும் வரியை எழுதும்போது அவர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அந்த வரி தானாகவே நின்றுவிடும்.

எடுத்து முடித்ததும் யூடியூப்பில் ஏற்றுவதற்கு முன் உங்கள் தெருவிலேயே ஒரு வேட்டியைக் கட்டி, ஒரு மாலை போட்டுக் காட்டுங்கள். தெரு என்ன சொல்கிறது என்று கேளுங்கள். அப்பா தலை குனியாமல், தங்கை பாதியில் எழுந்து போகாமல், எதிர்வீட்டு ஆயா "இன்னொரு தடவை போடு" என்று கேட்டால், அந்தப் படத்தை உலகத்துக்குத் தைரியமாகக் காட்டலாம்.